ஐந்து நண்பர்கள், ஐந்து கயாக்: ராரிட்டன் விரிகுடாவில் ஸ்ட்ரைப்ட் பாஸ் பிடிக்கப் போகிறவர்களுக்கு

நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் வசிக்கும் ஐந்து நண்பர்கள் நீங்கள். கரையில் நின்று தூண்டில் போட்ட பழக்கம் உண்டு, ஏரியில் வாடகைக் கயாக் ஓட்டியதும் உண்டு. வருகிற வசந்தத்தில் ராரிட்டன் விரிகுடாவுக்குள் கயாக்கிலேயே போய் ஸ்ட்ரைப்ட் பாஸ் பிடிக்க ஆசை. எப்போது போவது, எந்த இடத்தில் இறங்குவது, என்ன வாங்குவது, எப்படிப் பிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஐவரில் ஒருவருக்கு நீச்சல் தெரியாது, அவரையும் கூட்டிப் போகலாமா என்பது கடைசிக் கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஒன்று. நீங்கள் கேட்டதில் முக்கால்வாசி மீனைப் பற்றியது. ஆனால் உங்களிடம் இருக்கும் பெரிய பலம் நீங்கள் ஐந்து பேர் என்பதுதான். தனியாகக் கயாக்கில் போகிறவர் கவிழ்ந்தால் அவரே அவருக்குத் துணை. ஐந்து பேர் சேர்ந்து போனால் நிலைமை வேறு. தண்ணீருக்குள்ளும் ஐந்து பேராகவே இருந்தால்தான் அந்தப் பலம் கிடைக்கும். கரையில் சேர்ந்து இறங்கிவிட்டு, மீன் துள்ளுவதைப் பார்த்ததும் ஆளுக்கொரு திசையில் பிரிந்து போகிற கூட்டங்களை இந்த விரிகுடாவில் ஒவ்வொரு வசந்தத்திலும் பார்க்கிறேன். அரை மணி நேரத்தில் ஒருவர் குரல் இன்னொருவருக்குக் கேட்காது. அப்புறம் அவர்கள் ஐந்து தனி ஆட்கள்தான். கீழே நான் சொல்வதில் பாதி, பிரியாமல் இருப்பதைப் பற்றியதாகவே இருக்கும்.

சரி, மீனுக்கு வருவோம். ஸ்ட்ரைப்ட் பாஸ் கடலில் வளர்ந்து ஆற்றுக்குள் போய் முட்டையிடும் மீன். அட்லாண்டிக் கரையோரம் நாம் பிடிக்கும் மீன்களில் பெரும்பங்கு செசபீக் விரிகுடாவின் ஆறுகளில் பிறந்தது. அடுத்தபடியாக ஹட்சன், டெலவேர் ஆறுகள். ராரிட்டன் விரிகுடா ஹட்சனின் வாசலில் இருப்பதால் இங்கே இரண்டு அலை மீன் வரும். முட்டையிட ஹட்சனுக்குள் ஏறப் போகிற மீன்கள் மார்ச், ஏப்ரலில் இங்கே தங்கி இரை தின்னும். செசபீக்கில் முட்டையிட்டு முடித்து வடக்கே மாசசூசெட்ஸ், மெயின் வரை போகிற பெரிய மீன்கள் மே மாதத்திலும் ஜூன் தொடக்கத்திலும் இந்தப் பக்கம் கடந்து போகும். இலையுதிர் காலத்தில் அதே மீன்கள் தெற்கே திரும்பும்போது இன்னொரு வாய்ப்பு உண்டு.

மீன் பெரிதாக வளரும். உலக சாதனை 2011-ல் கனெக்டிகட் கரையோரம் லாங் ஐலண்ட் சவுண்டில் கிடைத்த 81.88 பவுண்டு மீன். உங்களுக்குக் கிடைக்கப் போவது பெரும்பாலும் 20 அங்குலத்திலிருந்து 40 அங்குலம் வரை இருக்கும். 40 அங்குல மீன் ஒன்று கயாக்கை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பி இழுத்துக்கொண்டு போகும். அந்த இழுப்புக்காகத்தான் இத்தனை பேர் விசைப்படகை விட்டுக் கயாக்குக்கு வருகிறார்கள்.

நியூ ஜெர்சியில் விரிகுடாக்களிலும் ஆறுகளிலும் ஜனவரி, பிப்ரவரியில் இந்த மீனுக்குத் தடை. மார்ச் 1-ல் திறக்கும். அப்போது தண்ணீர் இன்னும் 40 டிகிரி ஃபாரன்ஹீட் சுற்றியே இருக்கும். மீன் இருக்கும், சுறுசுறுப்பு இருக்காது. தண்ணீர் 50-ஐத் தாண்டியதும் எல்லாம் மாறும். முதல் பயணத்துக்கு நான் சொல்லும் காலம் மே மாதத்தின் முதல் பாதி. அதற்குள் பங்கர் மீன் கூட்டம் கூட்டமாக உள்ளே வந்துவிடும். மத்தி, சூடை வகைக்குச் சொந்தக்கார மீன் அது, எண்ணெய்ச்சத்து மிகுந்தது. பங்கர் இருக்கும் இடத்தில் பாஸ் இருக்கும்.

இப்போது காற்று. இந்த விரிகுடாவைப் பொறுத்தவரை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான். கீபோர்ட், யூனியன் பீச், கீன்ஸ்பர்க், போர்ட் மான்மத் என்று வரிசையாக இருக்கும் ஊர்களின் கரை வடக்கே பார்த்தது. எதிரே ஸ்டேட்டன் தீவு. தெற்குக் காற்று அடிக்கும் நாளில் காற்று நிலத்தின் மேலிருந்து கடலுக்குள் போகும். கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் சமதளமாக, அலையே இல்லாமல் இருக்கும். எல்லோருக்கும் உற்சாகம் வரும். பெடலை மிதித்து ஒரு மைல் போவதற்குச் சிரமமே தெரியாது, ஏனென்றால் காற்றும் முதுகில் தள்ளுகிறது. அங்கே போனபின்தான் அலை தெரியும். திரும்பும்போது அந்த ஒரு மைலையும் எதிர்க்காற்றில் மிதிக்க வேண்டும். வசந்த காலத்தில் நிலம் சூடேறியதும் மதியத்தில் இந்தக் காற்று வலுப்பது வழக்கம். காலையில் 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) இருந்தது பிற்பகலில் 15 ஆகும். ஐவரில் ஒருவருக்குக் கால் ஓய்ந்தால் அது எல்லோருடைய பிரச்சினையும் ஆகிவிடும்.

வடக்கு, வடகிழக்குக் காற்று இதற்கு நேர் எதிர். கரையிலேயே அலை மோதுவது தெரியும், இறங்கவே மனம் வராது. அதனால் அது ஏமாற்றாது. என் பரிந்துரை: முதல் சில பயணங்களுக்கு நாள் முழுக்க எந்தத் திசையிலும் 10 நாட்டுக்கு மேல் காற்று சொல்லாத நாளைத் தேர்ந்தெடுங்கள். விடியலில் இறங்கி, பத்து பத்தரைக்குள் கரையேறிவிடுங்கள். காற்றும் நீரோட்டமும் ஒன்றையொன்று எதிர்க்கும் நேரத்தில் சின்னக் காற்றுக்கே குட்டையான, செங்குத்தான அலை எழும். ஆகவே தேசிய வானிலைச் சேவையின் கடல் முன்னறிவிப்பையும், சேண்டி ஹூக் நிலையத்தின் ஏற்ற வற்ற நேரத்தையும் சேர்த்தே பாருங்கள்.

இறங்கும் இடம் நான் சொன்ன ஊர்களில் எதுவாகவும் இருக்கலாம். விடியும் முன்னே வண்டி நிறுத்த அனுமதி உண்டா என்பதை அந்தந்த ஊர், பூங்கா விதிகளில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். கப்பல் வழியைத் தவிர விரிகுடாவின் பெரும்பாலான இடங்களில் ஆழம் 20 அடிக்குள்தான், ஆகவே மீனுக்காக வெகுதூரம் போகத் தேவையில்லை. கரையிலிருந்து அரை மைலுக்குள் போதுமான மீன் உண்டு. சிவப்பு, பச்சை மிதவைகள் காட்டும் கப்பல் வழிக்குள் நிற்காதீர்கள். கிழக்கே போனால் மன்ஹாட்டனுக்குப் போகும் அதிவேகப் படகுகளின் அலை வரும். அதைப் பக்கவாட்டில் வாங்காமல் கயாக்கின் மூக்கை அதற்கு நேரே திருப்பி வாங்குங்கள். லியனார்டோவில் கிட்டத்தட்ட 3 மைல் தூரம் கடலுக்குள் நீளும் எர்ல் கடற்படைத் துறையைச் சுற்றித் தடைசெய்யப்பட்ட பகுதி இருக்கிறது. அதன் அருகே மீன் எவ்வளவு துள்ளினாலும் போகக் கூடாது, ரோந்துப் படகு வரும்.

என்ன வாங்குவது என்ற கேள்விக்கு என் வரிசை உங்கள் வரிசைக்குத் தலைகீழாக இருக்கும். பெரும்பாலோர் கயாக், தூண்டில், மீன் காட்டும் கருவி என்று வாங்கி, மிச்சக் காசில் உடையைப் பார்க்கிறார்கள். உடையிலிருந்து தொடங்குங்கள். மே முதல் வாரத்தில் வெயில் 75 டிகிரி அடிக்கும், டி-ஷர்ட் போதும் என்று தோன்றும். தண்ணீர் அப்போதும் 50-களில்தான் இருக்கும். குளிர்ந்த நீரில் விழுபவர்களுக்கு 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். முதல் 1 நிமிடம் மூச்சு கட்டுக்கடங்காமல் வாங்கும், அதைச் சமாளிக்க வேண்டும். அடுத்த 10 நிமிடம்தான் கையும் விரலும் சொன்னபடி கேட்கும். நினைவு தப்புவதற்குச் சுமார் 1 மணி நேரம் ஆகும். மிகக் குளிர்ந்த நீருக்கான தோராயக் கணக்கு இது. ஆனால் நடுவில் இருக்கும் அந்த 10-ஐக் கவனியுங்கள். ஜிப்பைப் பிடிக்க, விசிலை எடுக்க, கயாக்கில் மறுபடி ஏற உங்களுக்கு இருப்பது அவ்வளவு நேரம்தான்.

ஆகவே காற்றின் சூட்டுக்கு இல்லாமல் தண்ணீரின் குளிருக்கு உடுத்துங்கள். தண்ணீரே உள்ளே புகாத டிரை சூட் சிறந்தது, உள்ளே கம்பளி அல்லது ஃப்ளீஸ். விலை பல நூறு டாலர் ஆகும். அது முடியாவிட்டால் உடம்போடு ஒட்டும் ரப்பர் உடையான முழு வெட் சூட். வேடர் எனப்படும் இடுப்பளவு ரப்பர்க் காலுடை போட்டுக்கொண்டு கயாக்கில் ஏற வேண்டாம், மறுபடி ஏறும்போது தண்ணீர் நிரம்பிய காலைத் தூக்க முடியாது. லைஃப் ஜாக்கெட்டைப் படகில் வைத்திருந்தால் போதும் என்று சட்டம் விடும் நாட்களிலும் உடம்பில் மாட்டியே இருங்கள். நியூயார்க்கில் நவம்பர் 1 முதல் மே 1 வரை 21 அடிக்குக் குறைந்த படகுகளில் அணிந்தே தீர வேண்டும் என்பது சட்டம். விரிகுடாவின் வடபாதி நியூயார்க் எல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

கயாக்கில் மேலே உட்காரும் வகை, 12 அடி சுற்றி, அகலமானது. பெடல் வைத்தது நல்லது, ஏனென்றால் கை இரண்டும் தூண்டிலுக்குக் கிடைக்கும். ஹோபி நிறுவனம் 1997-ல் மிராஜ் டிரைவ் என்ற பெடல் அமைப்பைக் கொண்டுவந்த பிறகு கயாக்கில் மீன் பிடிக்கும் முறையே மாறிவிட்டது. புதிதாக வாங்கினால் நல்ல பெடல் கயாக் இரண்டாயிரம் டாலரைத் தாண்டும். பழையதை வாங்கலாம், ஒரு குறையும் இல்லை. பெடல் இருந்தாலும் துடுப்பு ஒன்று கயிற்றில் கட்டிக் கூடவே இருக்க வேண்டும். பெடலில் பாசி சிக்கும், அதன் சின்ன ஆணி உடையும். படகுகள் தங்களுக்குள் பேசப் பயன்படும், கையில் அடங்கும் வி.எச்.எஃப். ரேடியோ ஐந்து பேருக்கும் வேண்டும். பையில் வைக்காமல் லைஃப் ஜாக்கெட்டிலேயே மாட்டுங்கள். 16-ஆம் சேனல் அவசரத்துக்கு, உங்களுக்குள் பேச 72 அல்லது 68. விசில், கத்தி, விடியலுக்கு முன் இறங்கினால் வெள்ளை விளக்கு. தலைக்கு மேலே உயரும் ஒரு கொடி. அலையில் உட்கார்ந்திருக்கும் கயாக் விசைப்படகில் வருகிறவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

இவற்றையெல்லாம் வாங்கியபின், விரிகுடாவுக்குப் போகும் முன், ஒரு நாள் ஐவரும் ஏரிக்குப் போங்கள். தூண்டில் வேண்டாம். கயாக்கை வேண்டுமென்றே கவிழ்த்து மறுபடி ஏறிப் பழகுவதுதான் அன்றைய வேலை. இதை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. விழுந்ததும் முதல் வேலை படகைப் பிடிப்பது. காற்றில் வெற்றுக் கயாக் நீந்துகிறவரை விட வேகமாக ஓடும். அடிப்பாகம் மேலே இருந்தால், அதன் மேலாகக் கையை நீட்டி எதிர்ப்பக்க விளிம்பையோ கைப்பிடியையோ பிடித்து, முழங்காலை இந்தப் பக்க விளிம்பில் ஊன்றி, உடல் எடையை வைத்து உங்கள் பக்கம் இழுத்தால் புரளும். அடுத்து இருக்கைக்கு நேரே வந்து, காலை நீரின் மேல்மட்டத்துக்குக் கொண்டுவந்து நன்றாக உதைத்து, மார்பைப் படகின் குறுக்கே ஏற்றுங்கள். பெரும்பாலோர் கால் படகுக்கு அடியில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே கையால் இழுத்து ஏறப் பார்ப்பார்கள். படகு மறுபடி கவிழும். முதலில் வயிறு குறுக்கே படியட்டும், பிறகு உருண்டு பின்புறத்தை இருக்கையில் வையுங்கள், கடைசியில் காலை உள்ளே எடுங்கள்.

இதிலேயே நண்பரின் வேலையும் இருக்கிறது. விழுந்தவர் ஏறும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் தன் கயாக்கை ஒட்டி நிறுத்தி, விழுந்தவரின் படகு விளிம்பின் மேல் சாய்ந்து எடையைக் கொடுக்க வேண்டும். படகு பாறை மாதிரி நிற்கும், ஏறுவது பாதியாகச் சுலபமாகும். மற்ற மூவரில் ஒருவர் மிதக்கும் துடுப்பையும் பொருளையும் சேகரிக்கட்டும். ஒருவர் ரேடியோவுடன் தயாராக நிற்கட்டும். ஒருவர் வரும் படகுகளைப் பார்த்துக் கையசைக்கட்டும். ஐவரும் ஐந்து வேலையையும் மாறி மாறிச் செய்து பாருங்கள். இன்னொன்று: கவிழ்ந்த கயாக்கைச் சுற்றி முள் வைத்த லூர்கள் (போலி இரைகள்) தொங்கிக்கொண்டிருக்கும். ஆளுக்கு இரண்டு தூண்டிலுக்கு மேல் வேண்டாம். பயன்படுத்தாத தூண்டிலின் முள்ளுக்கு உறை போடுங்கள்.

தண்ணீரில் கூட்டமாக இருப்பதற்கு நான் வைத்திருக்கும் விதிகள் கொஞ்சம்தான். முன்னே ஒருவர், கடைசியில் ஒருவர். கடைசியில் வருகிறவர் அனுபவம் கூடியவராக இருக்க வேண்டும். அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. ஒருவருக்கொருவர் விசில் கேட்கும் தூரத்தைத் தாண்டாதீர்கள், மீன் எங்கே துள்ளினாலும் சரி. வேகம் என்பது கூட்டத்தில் மிக மெதுவாக மிதிப்பவரின் வேகம். திரும்பும் நேரத்தைக் கரையிலேயே முடிவு செய்யுங்கள், தண்ணீரில் பேரம் வேண்டாம். யாராவது ஒருவர் "போதும், திரும்பலாம்" என்றால் ஏன் என்று கேட்காமல் ஐவரும் திரும்ப வேண்டும். நம் ஆட்களிடம் இந்தக் கடைசி விதிதான் கஷ்டம். குளிர்கிறது, பயமாக இருக்கிறது என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு கூடவே வருவார்கள். கேட்க மாட்டோம், கிண்டல் செய்ய மாட்டோம் என்று கிளம்பும் முன் எல்லோரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்.

இனிப் பிடிக்கும் முறை. தூண்டில் 7 அடி, நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேலான வலு. 4000 அல்லது 5000 அளவு ரீல், 30 பவுண்டு பின்னல் நரம்பு (தூண்டில் கயிறு), முன்னால் 3, 4 அடிக்கு 30 அல்லது 40 பவுண்டு ஃப்ளூரோகார்பன் நரம்பு. பாஸின் வாயில் கூர்மையான பல் கிடையாது, உப்புத்தாள் போலச் சொரசொரப்பு மட்டும், ஆகவே கம்பி தேவையில்லை. ஆனால் மே மாதத்தில் கூர்மையான பல்லுள்ள புளூஃபிஷும் சேர்ந்து வரும். அதன் வாய்க்குள் மட்டும் விரலை விடாதீர்கள்.

புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது ட்யூப் அண்ட் வோர்ம். ஒன்றரை அடி, இரண்டு அடி ரப்பர்க் குழாய், அதன் வால் முனை முள்ளில் ஒரு கடற்புழு. கயாக்கின் பின்னே அதை இழுத்துக்கொண்டு மெதுவாக மிதித்தால் போதும். மணிக்கு 2 மைலுக்குக் கொஞ்சம் கூட. விசைப்படகுக்காரர்கள் இஞ்சினை அந்த வேகத்துக்கு இறக்கப் படாத பாடு படுவார்கள், கயாக்கின் இயல்பான நடையே அதுதான். இன்னொரு நன்மை, ஐந்து பேரும் ஒரே திசையில், ஒரே வேகத்தில், இடைவெளி விட்டுப் போவதால் கூட்டம் தானாகவே கலையாமல் இருக்கும். ஒருவருக்குத் தட்டினால் மீன் எந்த ஆழத்தில் இருக்கிறது என்பது ஐவருக்கும் தெரிந்துவிடும்.

பங்கர் கூட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டால் வேறு விளையாட்டு. அமைதியான காலையில் அதைக் கண்ணால் பார்க்கலாம். நீரின் மேல் ஒரு பகுதி மட்டும் சொரசொரவென்று நடுங்கிக்கொண்டிருக்கும், நடுநடுவே ஒரு வால் தட்டும். அந்த நடுக்கம் சீராக இருந்தால் கூட்டம் நிம்மதியாக இருக்கிறது, கீழே ஒன்றும் இல்லை. கூட்டம் திடீரென்று இறுகி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, மேலே குதித்தால் கீழே பாஸ் வந்துவிட்டது. அந்த நேரத்தில் நடுவில் பெடலை மிதித்துக்கொண்டு போகாதீர்கள். காற்று வரும் பக்கமாகப் போய், மிதிப்பதை நிறுத்தி, கூட்டத்தின் ஓரத்துக்கு வீசுங்கள். பங்கர் அளவுக்குச் சமமான, மீன் வடிவ மென்ரப்பர் லூர், 6 முதல் 9 அங்குலம், பெரும்பாலான நாளில் போதும். கூட்டத்துக்கு அடியில் அதை இறங்க விட்டு, மெதுவாகச் சுற்றுங்கள். காயம்பட்டுத் தனியே விழுந்த பங்கராக அது பாஸுக்குத் தெரிய வேண்டும்.

உயிர் இரை வைப்பவர்கள் நேர்கோட்டு வட்ட முள்தான் பயன்படுத்த வேண்டும். 2021-லிருந்து கரையோர மாநிலங்கள் முழுக்க இது விதி. வட்ட முள் தொண்டைக்குள் மாட்டாமல் வாயின் ஓரத்தில் மாட்டும், விட்ட மீன் பிழைக்கும். ஒன்று மட்டும், வட்ட முள்ளில் வெட்டி இழுக்கக் கூடாது. மீன் நரம்பை இறுக்கும் வரை பொறுத்து, ரீலைச் சுற்ற மட்டும் செய்யுங்கள்.

மீன் மாட்டியதும் கயாக் தானே திரும்பி மீன் பக்கம் போகும். தடுக்காதீர்கள், அதுவே மீனைக் களைப்பாக்கும். தூண்டில் முனையை எப்போதும் படகின் மூக்குப் பக்கமாகவே வையுங்கள். பக்கவாட்டில் வைத்துக்கொண்டு பெரிய மீனோடு மல்லுக்கட்டினால் எடை முழுக்க ஒரு பக்கம் சாயும். மீன் அடியில் புகுந்து மறுபக்கம் போனால் தூண்டில் முனையைத் தண்ணீருக்குள் விட்டு, மூக்கைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். ரீலின் பிடிப்பு நரம்பின் வலுவில் கால்வாசிக்கு மேல் வேண்டாம். மற்ற நால்வரும் உடனே தங்கள் நரம்பைச் சுற்றிவிட வேண்டும். அருகில் இருப்பவர் ஒருவர் பின்னாலேயே போக வேண்டும், ஏனென்றால் மீனைப் பிடித்திருப்பவர் அது எங்கே இழுத்துப் போகிறது என்பதைப் பார்க்கவே மாட்டார். கப்பல் வழிக்குள் போகிறதா, நங்கூரக் கயிறு இருக்கிறதா, படகு வருகிறதா என்று பார்த்துக் குரல் கொடுப்பது பின்னால் போகிறவர் வேலை.

மீனை எடுக்கும்போது உங்கள் தலை படகின் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. ரப்பர் வலையால் எடுங்கள். இரும்புக் கொக்கியால் குத்தித் தூக்குவது 2022-ல் வந்த விதிகளால் தடைசெய்யப்பட்டுவிட்டது. அளவுப் பலகையை முன்பே நனைத்து மடியில் வையுங்கள், உலர்ந்த பலகையும் உலர்ந்த கையும் மீனின் வழுவழுப்பு உறையை உரித்துவிடும். தாடையை மட்டும் பிடித்துத் தொங்கவிடாமல், வயிற்றுக்கு அடியில் இன்னொரு கையைக் கொடுங்கள். படம் எடுக்க நண்பர் தயாராக இருந்தால் மட்டும் மீனைத் தண்ணீரிலிருந்து தூக்குங்கள். விடும்போது தாடையைப் பிடித்து நீரில் நேராக நிறுத்துங்கள். அது உங்கள் கட்டை விரலைக் கடித்து, வாலை அடிக்கும். அப்போது விடுங்கள்.

இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்காதீர்கள். நீங்கள் பிடிக்கும் மீன்களில் பெரும்பாலானவற்றை விட்டுத்தான் ஆக வேண்டும். 2023 மே மாதம் அவசர நடவடிக்கையாக மேல் அளவு 31 அங்குலமாகக் குறைக்கப்பட்டது, 2024-லும் அதுவே உறுதியானது. கடலோரத்தில் 28-லிருந்து 31 அங்குலத்துக்குள் இருக்கும் மீன் ஒன்று, ஆளுக்கு ஒரு நாளைக்கு. அதற்குப் பெரியதும் சிறியதும் தண்ணீருக்கே. விதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், கிளம்பும் முன் மாநில இணையதளத்தில் பாருங்கள். நியூ ஜெர்சியில் 16 வயது நிரம்பியவர்களுக்குக் கடல் தூண்டிலுக்கான இலவசப் பதிவும் தேவை.

இந்த மீனுக்குச் சட்டம் போடுவது இன்று நேற்று வந்ததல்ல. 1639-லேயே மாசசூசெட்ஸ் பே காலனி பாஸ் மீனையும் காட் மீனையும் வயலுக்கு உரமாகப் போடக் கூடாது என்று தடை விதித்தது. நம் விரிகுடாவுக்குப் பக்கத்திலேயே ஓடும் நேவசிங்க் ஆற்றிலிருந்து 1879-ல் 132 சின்ன மீன்களை ரயிலில் ஏற்றி, கண்டத்தைக் கடந்து சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் விட்டார்கள். இன்று கலிஃபோர்னியாவில் இருக்கும் ஸ்ட்ரைப்ட் பாஸ் எல்லாம் அதிலிருந்தும், அடுத்து 1882-ல் கொண்டுபோன சில நூறு மீன்களிலிருந்தும் வந்தவை. அப்படிப் பெருகத் தெரிந்த மீன் 1980-களின் தொடக்கத்தில் இந்தக் கரையில் அழியும் நிலைக்கு வந்தது. 1984-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது, 1985-லிருந்து மேரிலாண்ட் ஐந்து ஆண்டுகள் முழுத் தடை போட்டது, 1995-ல் மீன்வளம் மீண்டுவிட்டதாக அறிவித்தார்கள். 2019-ல் மறுபடி அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்ட நிலை என்று கண்டார்கள். அந்த ஆண்டிலிருந்தே செசபீக்கில் குஞ்சுகளின் எண்ணிக்கை மிக மோசமாக இருக்கிறது. விட்ட மீன்களில் நூற்றுக்கு ஒன்பது செத்துவிடும் என்பது மேலாண்மைக் கணக்கு. நீங்கள் ஐவரும் நன்றாகக் கையாண்டால் அந்த ஒன்பதைக் குறைக்கலாம். லூரில் மும்முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் போடுங்கள், அதன் முனையருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் கொளுவியைக் குறட்டால் அழுத்தித் தட்டையாக்குங்கள். மூன்று நல்ல மீன் விட்டாயிற்று என்றால் நான்காவதற்கு அவசரம் வேண்டாம்.

ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தால் உடனே பனிக்கட்டியில் வையுங்கள். சதை வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். நம் கொடுவாவுக்கு என்ன செய்வோமோ எல்லாம் இதற்கும் பொருந்தும், குழம்பில் உடையாது. ஆனால் இந்தத் துறைமுகப் பகுதியின் பழைய தொழிற்சாலைக் கழிவால் பி.சி.பி. என்ற ரசாயனம் மீனின் கொழுப்பில் சேர்கிறது. எவ்வளவு உண்ணலாம் என்று மாநிலம் அறிவுரை வெளியிடுகிறது. கருவுறும் வயதுப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அது இன்னும் கடுமை. தோலையும், பக்கவாட்டில் ஓடும் கருஞ்சதையையும், வயிற்றுக் கொழுப்பையும் வெட்டி எறிந்துவிட்டுச் சமையுங்கள். குழந்தைகளுக்கு வேறு மீன் கொடுங்கள்.

இனி நீச்சல் தெரியாத நண்பர். இந்த வசந்தத்தில் அவரைக் கயாக்கில் ஏற்றாதீர்கள். மேலே ஐவர் என்று சொன்னதெல்லாம், ஏரிப் பயிற்சி உட்பட, அவர் சேர்ந்தபின் பொருந்தும். அதுவரை தண்ணீரில் நீங்கள் நால்வர், வேலைகளை நால்வருக்குள் பிரித்துக்கொள்ளுங்கள். லைஃப் ஜாக்கெட் மிதக்க வைக்கும் என்பது உண்மை. ஆனால் 50 டிகிரித் தண்ணீர் முகத்தில் அடிக்கும் அந்த முதல் நிமிடத்தில், நீரில் இருந்து பழகாதவர் பதறிப்போய்க் காப்பாற்ற வருகிறவரின் படகையே பிடித்துக் கவிழ்த்துவிடுவார். அது அவர் குற்றமில்லை. பக்கத்து ஒய்.எம்.சி.ஏ.வில் பெரியவர்களுக்கான நீச்சல் வகுப்பு இருக்கும், குளிர்காலத்திலேயே சேரச் சொல்லுங்கள். ஜூலையில் ஏரித் தண்ணீர் சூடானதும் அவரையும் வைத்து மறுபடி கவிழ்த்து ஏறும் பயிற்சி செய்யுங்கள். அது நன்றாக வந்தால் செப்டம்பரில், தண்ணீர் இன்னும் சூடாக இருக்கும்போது, அவருடைய முதல் விரிகுடாப் பயணம்.

அதுவரை அவருக்குக் கரையில் இரண்டு வேலை. ஒன்று, மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் கீபோர்ட், யூனியன் பீச் கரைகளில் ரத்தப்புழுவையோ கிளிஞ்சல் சதையையோ வட்ட முள்ளில் வைத்து வீசுகிறவர்களுக்கு நல்ல பாஸ் கிடைக்கும், அவர் பிடிக்கட்டும். இரண்டாவது இன்னும் முக்கியம். உங்கள் பயணத் தாளை அவரிடம் கொடுங்கள். அதில் யார் யார், எந்த நிறக் கயாக், என்ன உடை, எங்கே இறங்கி எதுவரை போகிறீர்கள், எந்த நேரத்துக்குக் கரையேறுவீர்கள் என்பது இருக்கட்டும். சொன்ன நேரம் தாண்டி அரை மணி ஆகியும் ரேடியோவிலும் போனிலும் பதில் இல்லையென்றால், இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று காத்திராமல் 911-ஐ அழைத்து, கடலோரக் காவல் படைக்குத் தகவல் போக வேண்டும் என்று சொல்லி, அந்தத் தாளை அப்படியே படிக்க வேண்டும்.